பாக்கி விழாத ஜெபம் எது?

போன ஆகஸ்ட் மாதம் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். ஐந்து ஐம்பதுக்கு எழுந்தபோது ஒரு அதிகாரம்கூட வாசித்திருக்கவில்லை. போனில் மூன்று வேதாகமச் செயலிகள், அவற்றில் பாதியில் நிற்கும் நான்கு வாசிப்புத் திட்டங்கள். சபை வாட்ஸ்அப் குழுவில் அன்றைய வசனம், சொந்தக்காரர்கள் குழுவில் வேறொரு வசனம், போதாக்குறைக்கு அம்மா அனுப்பிய பதினொரு நிமிட ஆடியோ செய்தி. எதில் ஆரம்பிக்கலாம் என்று மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்ததிலேயே இருபது நிமிடம் ஓடிவிட்டது.

1549-ல் இங்கிலாந்து சபைக்குப் பொது ஜெபப் புத்தகத்தைத் தொகுத்த தாமஸ் கிரான்மர், அதன் முன்னுரையில் பழைய ஆராதனை முறையைப் பற்றி ஒரு குறை சொல்கிறார். எதை வாசிக்க வேண்டும் என்று தேடிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு அதை வாசிப்பதைவிடப் பெரிய வேலையாக இருந்ததாம். என் போனை எட்டிப் பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது, மற்றதை எடுத்துவிடுவது. எந்த ஒன்று என்பதுதான் கேள்வி. சபை சரித்திரத்தில் நீண்ட நாள் நின்ற ஐந்து வழிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் சில வாரம் செய்து பார்த்தேன். என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு அதைப் பொறுத்தது. வேலைக்குப் போகிறவன், சிறு பிள்ளைகள் இரண்டு பேர், வீட்டுக் கடன் தவணை, சி.எஸ்.ஐ. சபை. காலையில் இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது.

ஒவ்வொரு வழியிடமும் மூன்று கேள்வி கேட்டேன். காலையில் எதையாவது தேர்ந்தெடுக்கச் சொல்கிறதா? போன் இல்லாமல் நடக்குமா? மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: ஒருநாள் தவறினால் அது என்னை என்ன செய்கிறது?

முதலில் மெக்செயின் அட்டவணை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் தூய பேதுரு ஆலயத்தில் போதகராக இருந்த ராபர்ட் மரே மெக்செயின், 1842 கடைசியில் தன் சபையாருக்குப் புத்தாண்டுக்காகத் தயாரித்துக் கொடுத்தது. ஒரு வருடத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. நாளுக்கு ஏறக்குறைய நான்கு அதிகாரம், இரண்டு குடும்ப ஜெபத்துக்கு, இரண்டு தனி ஜெபத்துக்கு. ஜனவரி 1 அன்று ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1 என்று நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் துவங்கும். உலகத்தின் துவக்கம், இயேசுவின் துவக்கம், சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த ஜனத்தின் துவக்கம், சபையின் துவக்கம். யோசித்துச் செய்திருக்கிறார். இந்த அழகுக்காகவே முன்பே இரண்டு ஜனவரிகளில் இதை ஆரம்பித்திருந்தேன்.

இரண்டு முறையும் லேவியராகமத்தில் விழுந்தேன். அட்டவணைப்படி அது ஏப்ரல் மாதம் வரும். லேவியராகமம் கடினம் என்பதால் விழவில்லை. அதற்கு முன்பே காய்ச்சலிலோ ஆடிட் வேலையிலோ ஐந்து நாள் போயிருக்கும், இருபது அதிகாரம் பாக்கி விழுந்திருக்கும். பாக்கியை அடைக்கப் போகும் இடத்தில் லேவியராகமம் 13 நிற்கும், குஷ்டத்தைப் பற்றி 59 வசனம். அதைப் பேருந்தில் நின்றுகொண்டு விரலால் ஓட்டி முடித்து ஒரு டிக் போட்டேன். டிக் போட்டதும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அது ஜெபத்தில் வருகிற நிம்மதி அல்ல. தவணை கட்டியவனுக்கு வருவது.

இதில் மெக்செயினைக் குறை சொல்ல முடியாது. அட்டவணையோடு அனுப்பிய கடிதத்திலேயே அவர் இதன் ஆபத்துகளை வரிசையாக எழுதிவிட்டார்: வெறும் சடங்காகிப் போவது, இத்தனை வாசித்தேன் என்ற சுயநீதி, கவனமில்லாத வாசிப்பு, சுமக்க முடியாத நுகம். நான்கிலும் நான் இருந்தேன். இந்த அட்டவணையை இன்று சுற்றுக்கு விடுகிற படங்களிலும் செயலிகளிலும் அந்தப் பகுதி மட்டும் காணாமல் போய்விடுகிறது. இன்னொன்று. 1843-க்காக அவர் போட்ட அட்டவணையை அவரே முடிக்கவில்லை. அந்த வருடம் மார்ச் 25 அன்று காய்ச்சலில் இறந்துபோனார், வயது 29. லேவியராகமம்வரைகூட வந்திருக்க மாட்டார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏனோ அவர்மேல் ஒரு நெருக்கம் உண்டானது.

வேதாகமத்தை முழுவதும் ஒருமுறைகூட வாசிக்காதவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்வேன். 1189 அதிகாரங்களில் நமக்குப் பிடித்த அறுபது எழுபதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது நல்லதல்ல. ஆனால் அட்டவணையின் நான்கு பத்திகளில், அதாவது நான்கு வரிசைகளில், நாளுக்கு இரண்டை மட்டும் எடுத்து இரண்டு வருடத்தில் முடியுங்கள். யாரும் பரிசு தரப்போவதில்லை.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருப்பது ஹெர்ன்ஹூட் முறை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில், சின்செண்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் அடைக்கலம் வந்த மொரேவிய சகோதரர்கள் மத்தியில் 1728 மே 3 அன்று ஆரம்பித்தது. ஒரு நாளுக்கு ஒரு வசனம், அதை எல்லோரும் சுமப்பது. 1731 முதல் வருடா வருடம் புத்தகமாக அச்சாகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றும் ஹெர்ன்ஹூட்டில் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார். ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஒரே நாளில் ஒரே வசனம். இந்தச் சகோதரர்கள் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கே வந்து குடியிருந்தவர்கள் என்பதால் கதை அவ்வளவு தூரத்தில் நடக்கவில்லை.

சீட்டு என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். டிசம்பர் 31 நடுராத்திரி ஆராதனை முடிந்ததும் வரிசையில் நின்று வாக்குத்தத்த அட்டை எடுக்கிற நாம் சுளிக்க வேண்டியதில்லை. எங்கள் ஆச்சியின் வேதாகமத்துக்குள் முப்பது வருட அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் அந்த வருடம் நடந்ததைப் பென்சிலில் எழுதியிருந்தார்.

இந்த முறைக்கு இரண்டு நிமிடம் போதும். தவறினால் பாக்கி கிடையாது, நேற்றைய வசனம் நேற்றோடு போனது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. குறை எங்கே என்றால், வசனம் தன் வீட்டை விட்டுத் தனியாக வந்து நிற்கிறது. எரேமியா 29:11 எத்தனை அட்டைகளில், எத்தனை காலண்டர்களில் இருக்கிறது! "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்திய 10-ம் வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் ஆன பிறகுதான் என்கிறது அது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் யாரும் அதுவரை உயிரோடு இருக்கப் போவதில்லை. வசனத்தோடு அது நிற்கும் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கிற பழக்கம் இருந்தால் இந்தக் குறை தீரும். எனக்கு அந்தப் பழக்கம் மூன்று நாள்தான் நின்றது. அதன் பிறகு வசனத்தைப் பார்ப்பதும் வானிலையைப் பார்ப்பதும் ஒன்றாகிவிட்டது.

மூன்றாவது, கிரான்மர் செய்து வைத்த சங்கீத முறை. ஆசீர்வாதப்பர் எனப்படும் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு 6-ம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கில் 150 சங்கீதமும் ஒரு வாரத்தில் முடிய வேண்டும். அது மடத்துக்குச் சரி. கிரான்மர் அதைச் சாதாரண ஆலயத்துக்காக ஒரு மாதமாக்கி, காலை மாலை என்று அறுபது பங்காகப் பிரித்தார். 1-ம் தேதி காலை 1 முதல் 5 வரை, மாலை 6 முதல் 8 வரை, இப்படியே 30-ம் தேதி 150.

இதன் புத்திசாலித்தனம் செய்து பார்த்தால்தான் தெரியும். அடையாள அட்டை வைக்க வேண்டாம், டிக் போட வேண்டாம். இன்று என்ன தேதி என்று தெரிந்தால் போதும். 7-ம் தேதி தவறினால் 8-ம் தேதிப் பங்கைத் திறக்க வேண்டியதுதான், தவறியது அடுத்த மாதம் தானாக வரும். பாக்கி என்ற பேச்சே இல்லை. அதோடு இன்றைய என் மனநிலைக்கு ஏற்ற சங்கீதம் எது என்று நான் தேடுவதில்லை. 17-ம் தேதி காலை நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும் 88-ம் சங்கீதம் வரும், கடைசி வரிவரை இருட்டாகவே முடிகிற ஒரே பாட்டு. 22-ம் தேதி மாலை 109, சாபங்கள். முதல் மாதம் அதைப் பிள்ளைகள் முன்னால் வாசிக்கத் தயங்கினேன். இரண்டாவது மாதம், அலுவலகத்தில் ஒருவர்மேல் நான் மனதுக்குள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் தாவீது சத்தமாகச் சொல்கிறார் என்று புரிந்தது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு இதுதான். தாங்களாக வார்த்தை தேட வேண்டியதில்லை.

ஆனால் நேரம்? நாளுக்குச் சராசரி ஐந்து சங்கீதம். நிதானமாக வாசித்தால் காலை பன்னிரண்டு நிமிடம், மாலை பன்னிரண்டு நிமிடம். என் மாலைகள் என் கையில் இல்லை. பாதி சங்கீதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது, கிழக்கத்தியத் திருச்சபையினர் கிரேக்க நாட்டின் அத்தோஸ் மலையிலும் மற்ற மடங்களிலும் நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் இயேசு ஜெபம். "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்." அவ்வளவுதான். முடிச்சுப் போட்ட கயிற்றை விரலில் உருட்டிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்வார்கள். லூக்கா 18-ல் ஆயக்காரன் மார்பில் அடித்துக்கொண்டு கேட்டதும், எரிகோ வழியோரத்துக் குருடன் கூப்பிட்டதும் சேர்ந்த வார்த்தைகள்.

சபையில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே மத்தேயு 6:7-ஐ எடுத்தார்: "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்." நியாயமான பயம்தான். ஆனால் அந்த வசனமே காரணத்தையும் சொல்கிறது: அதிக வசனிப்பினால் கேட்கப்படும் என்ற நினைப்பு. எண்ணிக்கையைக் காட்டி வாங்கப் பார்ப்பதுதான் அலப்பல். கெத்செமனேயில் இயேசுவே மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் என்று மத்தேயுவில்தான் இருக்கிறது. 136-ம் சங்கீதத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" 26 தடவை வருகிறது. பெரியவர் முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, இருக்கட்டும்.

எனக்கு இது காலை ஜெபமாக நிற்கவில்லை. உட்கார்ந்து சொன்னால் தூக்கம் வந்தது. ஆனால் அப்பாவை ஆஞ்சியோகிராம் அறைக்குள் கொண்டுபோனபோது வெளியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஐம்பது நிமிடமும் என் வாயில் வந்தது இந்த ஒரு வரிதான். அட்டவணையும் தேதியும் எனக்கு நினைவில்கூட இல்லை. அதனால் இதை எதற்கும் மாற்றாக எண்ண வேண்டாம். சட்டைப் பையில் சில்லறை வைத்திருப்பது மாதிரி வைத்துக்கொள்ளலாம். 17-ம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் சட்டி கழுவும்போதும் தேவ சமுகத்தில் இருந்தாராம். அதை ஆறாவது வழியாக எடுத்துக்கொள்ளலாமா என்று நினைத்துக் கைவிட்டேன். எந்த நேரமும் ஜெபம் என்பவனுக்கு, என்னைப் போன்ற ஆளாக இருந்தால், எந்த நேரமும் ஜெபம் இருக்காது.

ஐந்தாவது வழி ஒரு முடிதிருத்துபவருக்காக எழுதப்பட்டது. விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூதருக்கு முடிவெட்டி வந்த பீட்டர் என்பவர், ஜெபத்தில் மனம் அலைகிறதே, எப்படி ஜெபிப்பது என்று கேட்டிருக்கிறார். 1535-ல் லூதர் அதற்குப் பதிலாக ஒரு சிறு புத்தகமே எழுதினார். அவருக்குப் புரியும் பாஷையில் ஆரம்பிக்கிறார்: நல்ல தொழில்காரர் சவரக்கத்தியிலும் முடியிலும் கண்ணை வைத்திருப்பார். அளவுக்கு மீறி அரட்டை அடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தால் வாயையோ மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவார். எந்தக் காரியமும் முழு மனிதனைக் கேட்கிறது என்றால், ஜெபம் எவ்வளவு கேட்கும்?

வழி இதுதான். புதிதாக எதுவும் வேண்டாம். மனப்பாடமாகத் தெரிந்ததையே எடு: பரமண்டல ஜெபம், பத்துக் கற்பனை (பத்துக் கட்டளைகள்), விசுவாசப் பிரமாணம். பரமண்டல ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக நிறுத்தி, அதை உன் சொந்த வார்த்தையில் விரித்துச் சொல். கற்பனைகளை எடுத்தால் ஒவ்வொன்றிலும் நான்கு கேள்வி: இதில் எனக்கு என்ன கற்றுத்தரப்படுகிறது, எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு விண்ணப்பத்திலேயே நல்ல நினைவுகள் பெருகினால் மற்றதை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேள் என்கிறார். பரமண்டல ஜெபத்தை உலகத்திலேயே பெரிய இரத்தசாட்சி என்றும் சொல்கிறார், எல்லோரும் அதைப் போட்டுச் சித்திரவதை செய்வதால். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சொல்கிற வேகத்தைக் கேட்டால் இன்னும் என்ன சொல்வாரோ.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அதே 1535-ல், குடிபோதையில், பந்தியில் வைத்து அந்த முடிதிருத்துபவர் தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றார். லூதர் முதலானோர் பரிந்து பேசியதால் உயிர் தப்பி, நாடு கடத்தப்பட்டார். ஜெபிக்க எளிய வழி கேட்டவர், அதற்குக் கிடைத்த பதில் இன்றுவரை அச்சில் இருக்கிற ஒருவர். எந்த முறையையும் மருந்துச்சீட்டு போலப் பரிந்துரைக்க நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதர் என் நினைவுக்கு வருகிறார்.

அப்படியும் நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். மூன்று கேள்விக்கும் என் அளவில் இதுதான் நன்றாகப் பதில் சொன்னது. போன் வேண்டாம், புத்தகம்கூட வேண்டாம், மின்சாரம் போனாலும் நடக்கும். பாக்கி விழ வாய்ப்பில்லை. காலையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பத்துக்கு மட்டும் நானாக ஒரு சிறு மாற்றம் செய்தேன். லூத்தரன் ஞானோபதேசம் இந்த ஜெபத்தில் ஏழு விண்ணப்பம் என்று எண்ணுகிறது. வாரத்துக்கும் ஏழு நாள். ஞாயிறு "உம்முடைய நாமம்", திங்கள் "உம்முடைய ராஜ்யம்", இப்படிப் போனால் புதன்கிழமை ஆகாரம், வியாழக்கிழமை கடன்.

வியாழக்கிழமைதான் கஷ்டம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று மத்தேயுவில் இருப்பது எனக்கு உவமை அல்ல. தெரிந்தவர் ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன்னால் 15,000 ரூபாய் வாங்கினார், இப்போது என்னைப் பார்த்தால் தெருவைக் கடந்துவிடுகிறார். வாரா வாரம் வியாழன் காலை அவர் வந்து எதிரில் உட்கார்ந்துகொள்கிறார். நான்கு அதிகாரம் வாசித்த நாட்களில் அவரைத் தாண்டிப் போக முடிந்தது, அடுத்த அதிகாரம் காத்திருந்ததே. ஒரே வரியோடு இருபது நிமிடம் உட்கார்ந்தால் தாண்ட இடமில்லை. பணத்தை விட்டுவிட்டேன் என்று இன்னும் சொல்ல முடியவில்லை. அவர் தெருவைக் கடக்கும்போது நானும் தலையைத் திருப்பிக்கொள்வதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன்.

மலைப்பிரசங்கத்தில் "உன் கண் தெளிவாயிருந்தால்" என்று வருகிற இடத்தில் கிரேக்கச் சொல்லுக்கு ஒற்றை, மடிப்பில்லாதது என்று பொருள் உண்டு. எளிமை என்றால் குறைவாகச் செய்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மடிப்புக்குள் ஒளித்து வைக்க இடமில்லாமல் போவது என்று வியாழக்கிழமைகளில் தெரிகிறது.

இந்த வழியின் குறையும் எனக்குத் தெரியும். இதை மட்டுமே வைத்துக்கொண்டால் வேதாகமத்தின் பெரும்பகுதி திறக்காமலே கிடக்கும். ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிற பாடங்களை சனிக்கிழமை இரவே ஒருமுறை வாசித்து வைக்கிறேன், அது ஓரளவு ஈடுகட்டுகிறது, முழுவதும் இல்லை. மெக்செயினின் இரண்டு பத்தியையும் சேர்த்துக்கொள்ளலாமே, அப்புறம் காலையில் ஒரு ஹெர்ன்ஹூட் வசனம், படுக்கும்போது ஒரு சங்கீதம் என்று கை அரிக்கத்தான் செய்கிறது. அப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான் ஆகஸ்ட் மாதத்துக்கு வந்தேன் என்பதால் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் வளர்ந்து மாலைகள் திரும்பக் கிடைத்தால் சங்கீதத்துக்குப் போய்விடுவேன் என்று நினைக்கிறேன்.

என் மனைவி இப்போதே அதற்குப் போய்விட்டாள். நான் சோதித்துப் பார்த்த ஆறு வாரத்தில் பக்கத்தில் இருந்து கேட்டவள், நான் நிறுத்தியபோது நிறுத்தவில்லை. ஆக, ஒரே வீட்டில் இரண்டு வழி. அவளுக்கு என் துணை தேவைப்படுவது மாதத்தில் ஒருநாள். 15-ம் தேதி மாலை 78-ம் சங்கீதம், 72 வசனம். "ஏங்க, இன்னைக்கு பதினஞ்சு" என்று கூப்பிடுவாள். முதல் 36 அவள், மீதி நான்.